ஷாட்டோவர் ஆற்றில் சம்பந்தியோடு

காலை ஆறரை மணிக்கு டனீடனில் இருந்து கிளம்பினோம். நியூசிலாந்தின் தென் தீவில் என் மகன் கார்த்தி வேலை பார்க்கிற ஊர் அது. போகவேண்டிய இடம் குவீன்ஸ்டவுன், இருநூற்று எண்பது கிலோமீட்டர். கார் ஓட்டுவது கார்த்தி. அவன் பக்கத்தில் யார் உட்கார்வது என்பது முதல் நாளில் இருந்தே என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. ஆறு மாதக் கர்ப்பிணியான மருமகள் நந்தினி உட்கார்ந்தால் நியாயம். அவளோ தலையணையை எடுத்துக்கொண்டு பின்னால் போய்ச் சாய்ந்துவிட்டாள். அடுத்தது பெற்றவள்தானே என்று நான் முன்கதவில் கை வைத்தேன்.

"அம்மா, அத்தைக்கு மலை ரோட்டுல பின்னாடி ஒக்காந்தா ஒமட்டும். அவங்க முன்னாடி வரட்டும்மா" என்றான் கார்த்தி.

அத்தை ஏறி உட்கார்ந்தார். பெல்ட்டுகூட அவன்தான் மாட்டிவிட்டான். நான் பின்னால் போய் நந்தினியின் தலையணைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

இந்த அத்தை நந்தினியின் அம்மா மல்லிகா. என் சம்பந்தி. ஊர் தாமல். காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் இருந்து பஸ் ஏறினால் அரை மணி. அவர்கள் ஏரிப் பாசனத்தில் நெல் போடுகிற குடும்பம், நாங்கள் தறிக்காரர்கள். பிள்ளைகள் கல்லூரியில் பார்த்துப் பிடித்துப்போய், இரண்டு வீட்டிலும் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்து, பிறகு ஊரறியக் கல்யாணம் செய்து வைத்தோம். மகளுக்கு மசக்கை என்று நவம்பரில் இங்கே வந்த மல்லிகா, பிரசவம் பார்த்துவிட்டுத்தான் திரும்புவார். முதல் பிரசவம் பெண் வீட்டார் பாடு. அதில் நான் குறுக்கே ஒரு வார்த்தை சொல்ல முடியாது. நான் பொங்கல் கழித்து வந்த மூன்று வார விருந்தாளி.

அதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. என் வயிற்றெரிச்சலுக்குக் காரணம் ஒரு வீடியோ.

மல்லிகா இங்கே வந்து இறங்கிய வாரமே கார்த்தி அவரை ஜெட் படகில் ஏற்றிக் கூட்டிப்போயிருக்கிறான். அதை வீடியோவாகக் குடும்பத்து வாட்ஸ்ஆப் குழுவில் போட்டான். நான் அப்போது வீட்டில் தறி நாடாவுக்குள் வைக்கிற தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். விரலில் பட்டு நூலோடு போனைத் திறந்தால், தலைமுடி பறக்க, வாய்கொள்ளாத சிரிப்போடு மல்லிகா. பக்கத்தில், தோளில் கைபோட்டுக்கொண்டு என் மகன். எதிர்வீட்டு அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "மாமியார இன்னாமா தாங்குறான்மா உன் புள்ள" என்று வேறு சொல்லிவிட்டுப் போனார். சம்பாதிக்க ஆரம்பித்த பிறகு அவன் எனக்கு அனுப்பிய பொருள் ரத்த அழுத்தம் பார்க்கிற கருவி. அன்றைக்கு அதை எடுத்துக் கையில் கட்டிப் பார்த்தேன். ஏறித்தான் இருந்தது.

ஆகவே எனக்கு இந்தப் பயணத்தில் வேண்டியது ஒன்றே ஒன்று. அதே படகில் என் மகன் பக்கத்தில் உட்காரவேண்டும். மல்லிகாவைவிட ஒரு பங்கு கூடச் சிரிக்கவேண்டும். அந்த வீடியோ அதே குழுவில் வரவேண்டும். மல்லிகா சுடிதாரில் போயிருந்தார். நான் எங்கள் தறியில் இறங்கிய கரையைத் தனியாகக் கோத்து நெய்த அரக்குக் கோர்வைப் பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டேன். "தண்ணி அடிக்கும் சம்பந்திமா, நாசமாப் பூடும்" என்றார் மல்லிகா. என் புடவைமேல் அவருக்கு என்ன திடீர் அக்கறை என்று நினைத்துக்கொண்டேன்.

மில்டனைத் தாண்டியதும் தெற்கே போகிற பெரிய சாலையை விட்டு உள்நாட்டுக்குத் திரும்பினோம். லாரன்ஸ் என்கிற சிற்றூரில் காபி குடிக்க நிறுத்தினான். ஒரு காபி ஐந்தரை டாலர், நம் கணக்கில் இருநூற்று எழுபத்தைந்து ரூபாய். அந்தக் காபியில் பாதியை மல்லிகா நந்தினிக்கு ஊற்றிக் கொடுத்தார். கார்த்தி தன்னுடையதில் பாதியை மல்லிகாவுக்கு ஊற்றினான். எனக்கு முழுக் காபி. மரியாதை என்றால் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது, விருந்தாளிக்குச் செய்கிற மரியாதை.

ஒன்பது மணி சுமாருக்கு ராக்ஸ்பர்க். சாலையோரத்தில் ஆளே இல்லாத ஒரு பழக்கடை. ஆப்ரிகாட் பழங்களைப் பையில் கட்டி வைத்திருக்கிறார்கள். பக்கத்துத் தகரப் பெட்டியில் காசைப் போட்டுவிட்டு எடுத்துக்கொள்ள வேண்டியது. மல்லிகா இறங்கி, பைகளைத் தூக்கித் தூக்கிப் பார்த்து, அடியில் அழுகல் இல்லாத ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு வந்தார். "நம்ம ஊர்ல இந்த மாரி வெச்சா பெட்டியோட தூக்கிக்கினு பூடுவானுங்க" என்று சொல்ல, கார்த்தி ஸ்டீயரிங்கைத் தட்டிச் சிரித்தான். அதே பேச்சை நான் அந்தப் பெட்டியைப் பார்த்ததுமே மனதுக்குள் சொல்லியிருந்தேன். வாய்விட்டுச் சொல்லவில்லை, அது என் தலையெழுத்து.

அங்கிருந்து குரோம்வெல் வரைக்கும் பெரும்பாலும் கூடவே வருகிறது குளூத்தா ஆறு. பச்சையும் நீலமும் கலந்த நிறம். சாயப் பட்டறைக்காரர்களிடம் அந்த நிறத்தைக் கேட்டால் இரண்டு வாரம் அலைய விடுவார்கள். கரையில் இருந்து கரை வரைக்கும் தண்ணீர், அதுவும் ஓடுகிற தண்ணீர். எனக்கு மனிதர்கள் மேல் இருந்த பொறாமை போதாதென்று ஆற்றின் மேலும் வந்தது. செவிலிமேட்டுப் பாலத்தில் போகும்போது நாங்கள் பாலாற்றில் பார்ப்பது மணலையும் சீமைக் கருவேலத்தையும்தான். எப்போதாவது வெள்ளம் வந்தால் குடும்பத்தோடு போய்ப் பார்த்துவிட்டு வருவோம், திருவிழா மாதிரி.

"எங்க ஏரி ரொம்பி கடவாசல் போச்சுன்னா இப்படித்தான் இருக்கும்" என்றார் மல்லிகா, முன்னால் இருந்து. "சின்ன வயசுல தண்ணி வழியற கலங்கல்ல குதிச்சு நீஞ்சுவோம். எங்கம்மா தொடப்பத்த எடுத்துக்கினு வரும்."

தாமல் ஏரி பெரியதுதான், நானும் பார்த்திருக்கிறேன். அதற்காக இதுவும் அதுவும் ஒன்றா? ஆனால் மல்லிகாவுக்கு நீந்தத் தெரியும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எனக்குத் தெரிந்த தண்ணீரெல்லாம் குழாயில் வருவது. என் மகன் என்னைத் தண்ணீருக்குக் கூட்டிப்போகாமல் இருந்ததற்கு ஒரு காரணமும் கிடைத்துவிட்டதே என்று இன்னும் கடுப்பானது.

பதினொன்றரைக்கு ஆர்தர்ஸ் பாயின்ட் போய்ச் சேர்ந்தோம். குவீன்ஸ்டவுனில் இருந்து ஆறு கிலோமீட்டர். மேலே ஒரு வளைவுப் பாலம். கீழே இரண்டு பக்கமும் செங்குத்தான பாறைகளுக்கு நடுவில் ஷாட்டோவர் ஆறு. டிக்கெட் ஆளுக்கு நூற்று எழுபத்தொன்பது டாலர். ஏறக்குறைய ஒன்பதாயிரம் ரூபாய், இருபத்தைந்து நிமிடச் சவாரிக்கு. அந்தத் தொகைக்கு எங்கள் வீட்டில் எத்தனை நாள் மிதிபலகை மிதிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு நான் சிக்கனம் பார்க்கிற நிலைமையில் இல்லை. மல்லிகாவுக்குக் கொடுத்தான் அல்லவா, எனக்கும் கொடுக்கட்டும்.

கர்ப்பிணிகளுக்கு அனுமதி கிடையாது என்று பலகையில் எழுதியிருந்தது. "நீங்க போய்ட்டு வாங்க. நான் இங்க கரையிலேயே நின்னு டாட்டா காட்டறேன்" என்றாள் நந்தினி. கார்த்தி அவளுக்குத் தண்ணீர் பாட்டில், தொப்பி, மடக்கு நாற்காலி எல்லாம் கொடுத்து, வெயில் படாத இடமாகப் பார்த்து நிறுத்திவிட்டு வந்தான். ஒரு தடவைக்கு இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டும் வந்தான்.

பன்னிரண்டு மணிக்குப் படகு. ஏறுவதற்கு முன்னால் ஆளாளுக்கு ஒரு நீளக் கறுப்புக் கோட்டு கொடுத்தார்கள். கழுத்தில் இருந்து கணுக்கால் வரைக்கும். அதன்மேல் சிவப்பு மிதவைச் சட்டை. என் அரக்குக் கோர்வைப் பட்டு ஒரு விரல்கூட வெளியே தெரியவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். எனக்கும் மல்லிகாவுக்கும் பக்கத்தில் நின்ற சீனத்துப் பெரியவருக்கும் ஒரே உடை. மல்லிகா என்னைப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டார். சிரிப்பை அடக்கினார் என்று எனக்குத் தெரியாதா?

சரி, புடவைதான் போயிற்று, மகன் பக்கத்து இடமாவது இருக்கிறதே என்று துறைக்கு இறங்கினேன். படகோட்டி சிவந்த தாடி வைத்த இளைஞர். எடையைச் சமமாகப் பிரிக்கவேண்டும் போலிருக்கிறது, ஒவ்வொருவரையும் ஏற இறங்கப் பார்த்து இடம் காட்டினார். என்னையும் மல்லிகாவையும் பார்த்தார். இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டி, முன்வரிசையில் தன் பக்கத்தில் உட்காரச் சொன்னார். கார்த்தியை நேர் பின்வரிசைக்கு அனுப்பினார்.

"நான் எம் புள்ள கூட ஒக்காரணும்பா" என்றேன், தமிழிலேயே.

"அம்மா, அவங்க சொல்ற எடத்துலதாம்மா ஒக்காரணும். நான் பின்னாடியேதான இருக்கேன்" என்றான் கார்த்தி.

பின்னாடி இருப்பதற்கா நான் பட்டுக் கட்டி வந்தேன்? படகோட்டி திரும்பி ஏதோ கேட்டார். கார்த்தி சொன்ன பதிலைக் கேட்டுத் தாடியைத் தடவிக்கொண்டு சத்தமாகச் சிரித்தார். என்ன என்று கேட்டேன். "நீங்க ரெண்டு பேரும் அக்கா தங்கச்சியான்னு கேட்டாரும்மா. இல்ல, அம்மாவும் மாமியாரும்னேன். ரெண்டு பேரையும் ஒரே படகுல ஏத்தற தைரியம் எனக்கு வராதுங்கறாரு."

பிறகு அவர் நின்றுகொண்டு நீளமாக விதிமுறைகள் சொன்னார். கார்த்தி பின்னால் இருந்து தமிழில் சொல்லிக்கொண்டு வந்தான். நான் காதில் வாங்கவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்னால் ஒரு கம்பி இருந்தது, குளிருக்காக அதைச் சூடேற்றி வைத்திருந்தார்கள். பிடித்துக்கொள்ள இதமாக இருந்தது. அது ஒன்றுதான் எனக்குப் பதிந்தது.

படகு கிளம்பியது என்று சொல்வதற்குள் கரை போய்விட்டது. மணிக்கு எண்பத்தைந்து கிலோமீட்டர் வேகமாம். படகுக்கு வெளியே சுழலும் விசிறி எதுவும் கிடையாது. அடியில் தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சுகிற வேகத்தில் ஓடுகிறது. சாண் ஆழத்திலும் போகும். மலை இடுக்கு வரவரக் குறுகுகிறது. பாறை முகத்துக்கு நேரே வருகிறது, இதோ முட்டப்போகிறோம் என்னும்போது படகு இடுப்பை வெட்டிக்கொண்டு விலகுகிறது. எங்கள் தெருவில் தண்ணீர் லாரி திரும்பும்போது சுவருக்கும் லாரிக்கும் நடுவில் இருக்கிற சந்து இருக்கிறதே, அவ்வளவுதான் இடைவெளி. சிரிக்கவேண்டும் என்று நினைவு வந்தது. வாயைத் திறந்தேன். காற்றுதான் உள்ளே போனது.

அந்த நேரம் படகோட்டி வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி, விரலை வட்டமாகச் சுழற்றினார்.

காஞ்சிபுரத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு, உயரே ஒரு கை வட்டமாகச் சுற்றினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். யோசிக்கவெல்லாம் நேரம் வேண்டாம். கம்பியை விட்டேன். இரண்டு கையையும் கூப்பினேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

அது படகை ஒரு முழு வட்டம் சுழற்றப்போகிறேன், கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள் என்பதற்கான சைகையாம். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தபோது கார்த்தி அதை இரண்டு முறை சொல்லியிருக்கிறான். படகு சுழன்றது. நான் இருக்கையை விட்டு எழும்பிவிட்டேன். பக்கத்தில் தண்ணீர் மதில் மாதிரி எழுந்து தலையில் விழுந்தது. நான் போய்ச் சேர்ந்தேன் என்றே நினைத்தேன். குரங்குப் பிடியாக ஒரு கை என் மிதவைச் சட்டையைக் கழுத்தோடு பிடித்து இழுத்து இருக்கையில் அமுக்கியது.

"கைய எடுக்காதீங்க சம்பந்திமா! இங்க இன்னா பூசையா பண்றாங்க?" மல்லிகா கத்தினார்.

நாற்று நட்டுக் களை பறித்த கை. அது பிடித்த இடம் மூன்று நாள் வலித்தது. சுழற்சி நின்ற பிறகும் மல்லிகா என்னை விடவில்லை. தன் முழங்கையை என் முழங்கைக்குள் கோத்துப் பூட்டிக்கொண்டார். காப்பாற்றியதற்காக நன்றி சொல்லவேண்டும் என்று தோன்றியது. இதிலும் இவர் பேரைத் தட்டிக்கொண்டு போகிறாரே என்றும் தோன்றியது. இரண்டாவது முதலில் தோன்றியது என்பதை மறைக்க விரும்பவில்லை.

இன்னும் இரண்டு இடத்தில் சுழற்றினார். கடைசிச் சுற்று நாங்கள் ஏறிய துறைக்கு எதிரிலேயே. கரையில் நந்தினி தொப்பியைக் கழற்றி ஆட்டிக்கொண்டிருந்தாள். இப்போது எனக்குச் சைகை தெரியும். கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். படகு சுழன்றபோது பயம் எங்கேயோ போய், எனக்கு நிஜமாகவே சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தேன், மல்லிகாவைவிடச் சத்தமாக. பின்னால் என் மகன் பார்த்துக்கொண்டிருக்கிறான், அது போதும் என்று நினைத்தேன்.

படகின் முகப்பில் ஒரு கேமரா எங்களைப் பார்த்தபடி பொருத்தியிருக்கிறார்கள். கரையேறியதும் அந்த வீடியோவைத் திரையில் காட்டி விற்கிறார்கள். நான் கைகூப்பிக் கண்மூடி இருக்க, மல்லிகா என் கழுத்தைப் பிடித்துத் தொங்குகிற இடம் வந்ததும் கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். படகோட்டி வந்து எனக்குக் கைகொடுத்தார். கார்த்தி வாங்கி என் போனில் ஏற்றிக்கொடுத்தான்.

அன்று மாலை குவீன்ஸ்டவுனில் தங்கும் விடுதி. கார்த்தியும் நந்தினியும் ஏரிக்கரையில் நடக்கப் போயிருந்தார்கள். மல்லிகாவும் நானும் கட்டிலில் உட்கார்ந்து ஆப்ரிகாட் தின்றுகொண்டே வீடியோவைப் பார்த்தோம். முதல் தடவை நான் என்னை மட்டும் பார்த்தேன். இரண்டாவது தடவை யார் அதிகம் சிரிக்கிறோம் என்று பார்த்தேன். நான்தான். மூன்றாவது தடவை, நான் சிரிப்பதைப் பின்னால் இருந்து என் மகன் எப்படிப் பார்க்கிறான் என்று பார்க்க, எங்கள் இருவர் தோளுக்கும் நடுவில் தெரிந்த அவன் முகத்தைத் தேடினேன்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. மல்லிகாவையும் பார்க்கவில்லை. கடைசிச் சுற்றில் படகில் எல்லோர் தலையும் ஒரு பக்கமாகச் சாய, அவன் தலை மட்டும் எதிர்ப்பக்கமாகத் திரும்பிக்கொண்டே வருகிறது. படகு இந்தப் பக்கம் சுற்றினால் அவன் அந்தப் பக்கம். மேலும் கழுத்தைத் திருப்ப முடியாத இடம் வந்ததும், வெடுக்கென்று மறுபுறம் திருப்பி மறுபடியும் எதையோ பிடித்துக்கொள்கிறான்.

"எத்தப் பாக்குறான் இவன்?" என்றேன்.

மல்லிகா போனை வாங்கி நிறுத்திப் பார்த்தார். "கரையப் பாக்குறாரு. நந்தினி நின்னுக்கினு இருந்தா இல்ல, அங்க." பிறகு, "மகராசன்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. இவருக்கு இரண்டு பக்கமும் லாபம். கழுத்தைச் சுளுக்கிக்கொண்டு அவன் பார்ப்பது இவர் பெற்ற பெண்ணை. நான் தோற்றது மல்லிகாவிடம்கூட இல்லை. போட்டியில் நான் இருந்ததே அவனுக்குத் தெரியாது. ஆப்ரிகாட் கொட்டையைத் துப்பிவிட்டுக் கேட்டேன்.

"உங்க வூட்டுக்காரரு இப்படிப் பாத்திருக்காரா, சம்பந்தி?"

"யாரு, அவரா?" மல்லிகா சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது. "சாயங்காலம் மாடு வூடு திரும்பலன்னா ஏரிக்கரை வரைக்கும் போய்த் தேடுவாரு. நான் வரலன்னா தேட மாட்டாரு. எப்படியும் வந்து சோறாக்குவேன்னு தெரியும் இல்ல? உங்க வூட்ல?"

"தறியில இழை அறுந்தா திரும்பிப் பாப்பாரு" என்றேன். "நான் அந்தப் பக்கம் ஒக்காந்திருக்கறது அப்பத்தான் தெரியும்."

மல்லிகா வீடியோவை மறுபடி ஓடவிட்டார். அந்தத் தலை திரும்புவதை மட்டும் நாலைந்து தடவை பார்த்தோம். "இவ இன்னா புண்ணியம் பண்ணாளோ" என்றார் மல்லிகா, தன் மகளைப் பற்றி, முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு. அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரிந்த முகம். அன்றைக்குத்தான் முதல்முறையாக நாங்கள் இருவரும் ஒரே ஆள்மேல் பொறாமைப்பட்டோம். நான் அவருக்கு இன்னொரு ஆப்ரிகாட் எடுத்துக் கொடுத்தேன்.

வீடியோவைக் குடும்பக் குழுவில் போட்டேன். நாத்தனார், சித்தி, தம்பி மகன் என்று எல்லோரும் சிரிப்புப் படமாக அனுப்பினார்கள். என் வீட்டுக்காரரிடம் இருந்து வெகுநேரம் கழித்து ஒரு வரி வந்தது: "பட்டு நனைந்ததா?" மல்லிகாவிடம் காட்டினேன். என் முழங்கையைத் தட்டிக்கொடுத்தார்.

பிப்ரவரியில் நான் கிளம்பினேன். டனீடன் விமான நிலையத்தில் கார்த்தி என் காலில் விழுந்து கும்பிட்டான், கண் கலங்கினான். எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை அவன். இருந்தும் பெட்டியைக் கையில் கொடுத்த அடுத்த நொடி திரும்பி, நந்தினி நிழலில் நிற்கிறாளா என்று பார்த்தான். மல்லிகா அதைக் கவனித்துவிட்டு என்னைப் பார்த்தார், நானும் அவரைப் பார்த்தேன். "குழந்த பொறந்ததும் மொத போன் உங்களுக்குத்தான் பண்ணுவேன், ஊர்ல இருக்கற என் வூட்டுக்காரருக்குக்கூட அப்புறம்தான்" என்றார். பண்ணுவார். அந்தக் கையை எனக்குத் தெரியும்.

கிறைஸ்ட்சர்ச்சில் ஒரு விமானம், சிங்கப்பூரில் ஒரு விமானம். வழியெல்லாம் எனக்கு ஆறும் பாறையும் நினைவுக்கு வரவில்லை. திரும்பிக்கொண்டே வருகிற அந்தத் தலைதான் வந்தது. உலகத்தில் எத்தனையோ பேர் ஆறு வைத்திருக்கிறார்கள், படகு வைத்திருக்கிறார்கள். வைத்திருக்கட்டும். இப்படி ஒரு தலை தன் பக்கம் திரும்ப வைத்திருக்கிறவளைப் பார்த்துத்தான் வயிறு எரிகிறது. சொந்த மருமகளாக இருந்தாலும் எரியத்தான் செய்கிறது.

சென்னையில் இறங்கியபோது பகல் பதினொரு மணி. வெளியே வரவேற்க வந்தவர்களின் கூட்டம். தறியில் கல்யாணப் புடவை ஏறியிருப்பதால் என் தம்பி மகன்தான் கார் எடுத்துக்கொண்டு வருவதாகப் பேச்சு. கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் வெள்ளைச் சட்டை போட்ட ஓர் ஆள், குதிகாலைத் தூக்கிக்கொண்டு நின்றார். என் வீட்டுக்காரர். தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கிறார். வருகிற ஒவ்வொரு தள்ளுவண்டியையும் பார்க்கிறார், முகத்தைப் பார்க்கிறார், இல்லை என்றதும் அடுத்ததற்குப் போகிறார். முன்னால் நின்ற உயரமான ஆள் மறைக்க, இந்தப் பக்கம் எட்டினார், அந்தப் பக்கம் எட்டினார். போலீஸ்காரரிடம் போய் ஏதோ கேட்டார். திரும்பி வந்து, மறுபடியும் கழுத்தை நீட்டினார்.

நான் கையைத் தூக்கியிருந்தால் பார்த்திருப்பார். இன்னும் கொஞ்ச நேரம் தேடட்டும் என்று தள்ளுவண்டியை ஒரு தூணுக்குப் பின்னால் இழுத்து நிறுத்திக்கொண்டேன்.